கடைசி பெஞ்சில் உன் அப்பா

அன்பு மகனுக்கு,

நீ குருப்பட்டம் வாங்கிவிட்டாயாம், இனிமேல் உன்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு ரோசம்மா எனக்குப் பாடம் நடத்துகிறாள். கூப்பிடுவோம், நீ கப்பலை விட்டு இறங்கட்டும். இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் நீ என் மகன்தான், உன்னைத் திட்டுகிற உரிமையை நான் இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவின் முழங்கால்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி அவர் யார் பேச்சையும் கேட்காமல் எப்போதும்போல இருக்கிறார். நீ வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்தவன். கிரியோலில் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரெஞ்சில் எழுதினாலோ, விஷயத்தை விட்டுவிட்டு நீ பிழை திருத்த உட்கார்ந்துவிடுவாய். செபப் புத்தகத்தை மடியில் வைத்து உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். வாய்விட்டு மெதுவாகப் படி, புரியாத இடத்தை மறுபடியும் படி.

நம் ஊர் மாதா கோயிலில் முதல் பூசை வைக்கும்போது, ஏழை சனங்களுக்குக் கோயிலும் குருக்களும் செய்ய வேண்டியதைச் செய்கிறார்களா என்பதைப் பற்றித்தான் பிரசங்கம் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். அம்மா என்ன நினைக்கிறாள் என்றும் கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கீழே, கரும்புத் தோட்டத்து மானேஜர் குடும்பம் அன்றைக்கு மத்தியானம் பெரிய வீட்டில் உனக்கு விருந்து வைக்க ஆசைப்படுகிறது, சரி என்று சொல்லிவிடவா என்று இன்னொரு கேள்வி. மகனே, இரண்டும் ஒரே கேள்விதான். அது உனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் எங்கள் வாய்மூடித்தனம். சின்ன வயதில் பூசைக்குப் போய்வரும்போதெல்லாம் நீ என்னைக் குடைவாய், எல்லாரும் எழுந்து போய்ப் பீடத்தில் நன்மை அப்பம் வாங்குகிறார்களே, அப்பா மட்டும் ஏன் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை என்று. அவருக்குப் பக்தி குறைவு என்று நீயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். குருமடத்துக்குப் போகும்போது அவர் மனம் திரும்பச் செபிப்பதாக வேறு சொல்லிவிட்டுப் போனாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு உன் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிற குடும்பம் இல்லை நாம். உனக்கு எழுத்தும் கணக்கும் கொடுத்தது கன்னியர் பள்ளிக்கூடம். நீ கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது கொய்னா மாத்திரையும் பாலும் கொண்டுவந்தது நம் கோயிலின் பழைய குரு, மோன்பேர். பிரான்சிலிருந்து வந்த அந்த நெட்டை மனிதரை அவருக்கு வயதான பிறகுதான் நீ பார்த்திருப்பாய். மழையென்று பார்க்கமாட்டார், சேறென்று பார்க்கமாட்டார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். இந்துவா, முஸ்லிமா, வேதக்காரனா என்று மருந்து கொடுக்கும்போது அவர் கேட்டதில்லை. இனி நான் சொல்லப் போவதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. கெட்டவராக இருந்திருந்தால் உன் அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நீ பிறந்தபோது தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருந்த கான் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்காது. வைக்கோல் கூரை போட்ட வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், ஒரு பக்கம் தோட்டத்துக் கடை, கரும்புக்கு அந்தப்பக்கம் அம்மன் கோயில், சாலையோரம் மாதா கோயில். வீடும் தோட்டத்தினுடையது, கடையும் தோட்டத்தினுடையது. அம்மன் கோயிலுக்கு இடம் விட்டதும் தோட்டம், மாதா கோயிலுக்குக் கல் கொடுத்ததும் தோட்டம். கானில் வேதக்காரர் நாம் ஒரு சில வீடுகள்தான், மற்றவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று, எங்களை வேலை வாங்குகிற கங்காணி, சர்தார், ஒரு மூங்கில் கோலால் அளந்து விடுவார். நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்கியபோது புதுக் கோல் வந்தது, பழையதைவிட ஒரு சாண் நீளம். கோல் நீண்டதே தவிரக் கூலி நீளவில்லை. கேட்டவர்களைச் சர்தார் வாயை அடக்கச் சொன்னார். தீவு முழுக்கத் தோட்டங்களில் சனங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு திங்கட்கிழமை நம் கானில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. அன்று மாலையே கடையில் அரிசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மூட்டைகள் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தன.

அம்மன் கோயில் பூசாரி வேலாயுதம் வேறு எங்கிருந்தும் வந்த ஆள் இல்லை, நம்மைப்போலக் கரும்பு வெட்டுகிறவர். காலையும் மாலையும் குளித்துவிட்டு விளக்கு வைப்பார், சனிக்கிழமை கொஞ்சம் ரம் போடுவார், அவ்வளவுதான் அவருடைய ஆகமம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பருவமே இல்லாத நேரத்தில், அம்மன் கனவில் வந்து தீமிதி கேட்டாள் என்று உடுக்கை அடித்துச் சொல்லிவிட்டார். கான் மொத்தமும் வந்து மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொண்டது. சர்தார் ஓடிவந்து, காப்புக் கட்டினால் என்ன, வேலைக்கு வரக்கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று மல்லுக்கு நின்றார். பூசாரி பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "காப்புக் கட்டினவன் இரும்பைத் தொடக்கூடாது, சர்தார். கத்தியும் இரும்பு, மம்பட்டியும் இரும்பு. அம்மா சொல்லிட்டா, நான் என்ன செய்ய?"

அப்படி ஒரு விதியை அதற்கு முன்பும் யாரும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆனால் சொன்னபின் அதைக் காப்பாற்ற வேண்டுமே. அரிவாள்மணையும் இரும்புதானே என்று எந்தப் புண்ணியவதியோ கேட்டுவிட்டாள். அப்புறம் என்ன, பெண்கள் பூசணிக்காயைக் கல்லில் போட்டு உடைத்தோம், கீரையைக் கையால் கிள்ளினோம், கத்தரிக்காயை முழுசாகக் குழம்பில் போட்டோம். பசியிலும் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மானேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தலையை உடைக்க அவர் தயங்கமாட்டார், சாமி காரியத்தில் கை வைக்கத் தயங்குவார். வருஷாவருஷம் அம்மன் கோயிலுக்குச் சூடமும் சர்க்கரையும் கொடுத்துப் பெயர் வாங்கினவர் ஆயிற்றே.

மாட்டிக்கொண்டது நாம்தான். வேதக்காரன் கையில் காப்பு இல்லை, அதனால் அவன் இரும்பைத் தொடலாம். சர்தார் நேராக நம் வீடுகளுக்கு வந்து, உங்களுக்கு அம்மன் கிடையாதே, வருகிற திங்கட்கிழமை இறங்குங்கள், இறங்காவிட்டால் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்றார். உன் அப்பா மோன்பேரிடம் போனார். கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், பெண்கள் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சட்டும், மானேஜரிடம் கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. மோன்பேர், கோயில் ஒரு பக்கம் சேரக்கூடாது என்றாராம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் மானேஜரின் கார் வாசலில் வந்து நிற்கும், மோன்பேர் அதில் ஏறிப் பெரிய வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அது ஒரு பக்கம் சேருவதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இருட்டினபின் அவர் நம் வீட்டுப் பின்கதவில் வந்து நின்றார், தோளில் அரிசி மூட்டை. வேதக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் கொடுத்தார், யாரிடமும் சொல்லாதே என்றார். அந்த அரிசியை நான் அப்படியே கொண்டுபோய் அம்மன் கோயில் அண்டாவில் கொட்டினேன். மோன்பேருக்குத் தெரியாமலே அவருடைய அரிசி கான் முழுவதற்கும் சோறு போட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர், அவரவர் தம் கடமையைச் செய்ய வேண்டும், மேலானவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்னார். முன்வரிசையில் மானேஜர் தலையை ஆட்டினார். மறுநாள் வேதக்காரர் கரும்பு வெட்டப் போக வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பின்கதவில் அரிசி கொடுத்த கை, முன்வாசலில் நம்மைப் பிடித்துத் தள்ளியது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, இன்றைக்கும் வருகிறது.

பூசை முடிந்ததும் உன் அப்பா செபமாலையைக் கழற்றாமலே அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கையை நீட்டினார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆள் ஒருவர் கூடினால் பூசாரிக்கு லாபம்தானே, கட்டிவிட்டிருக்கலாம். அவர் கட்டவில்லை. "உன் சாமியை விட்டுட்டு வராதே தம்பி. நூல் தர்றேன், உன் சாமி பேரைச் சொல்லி நீயே கட்டிக்க" என்றார். மாதா படத்துக்கு முன்னால் அந்த நூலை உன் அப்பாவின் மணிக்கட்டில் கட்டினவள் நான்தான். பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்லித்தான் முடிச்சுப் போட்டேன். மறுநாள் சர்தார் வந்தபோது உன் அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். மற்ற வேதக்காரர்களும் அதையே செய்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

கரும்பு காய்ந்துகொண்டிருந்தது, ஆலை சும்மா நின்றது. கடைசியில் மானேஜர் பழைய கோலைக் கொடுத்து அனுப்பினார். ஒரு சாண் மூங்கில் என்று உனக்குச் சிரிப்பாக இருக்கும். வெயிலில் குனிந்து நிற்கிறவனுக்கு அது எவ்வளவு நீளம் என்று அங்கே புத்தகத்தில் போட்டிருக்காது. இதில் வேடிக்கை, கோல் திரும்பி வந்ததும் எல்லாரும் கத்தியைத் தேடினார்கள், பூசாரி விடவில்லை. மனுஷனை ஏமாற்றலாம், கட்டின காப்பை ஏமாற்ற முடியாது என்று சொல்லி, குழி வெட்டி, கட்டை அடுக்கி, நிஜமாகவே நெருப்பு வளர்த்துவிட்டார். தந்திரத்துக்குக் கட்டின சனம் நெருப்பை மிதிக்க வேண்டியதாயிற்று. பூசாரிதான் முதலில் இறங்கினார். உன் அப்பா குழியோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

எல்லாரும் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். உன் அப்பா யோசித்தார். இது யேசு சாமி பேரைச் சொல்லிக் கட்டினது, அதை அவர் தண்ணீரில்தானே விட வேண்டும்? சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய், வாசலில் இருக்கிற தீர்த்தத் தொட்டியில் போட்டுவிட்டு, முழங்காலிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். இவ்வளவு நல்ல மனதோடு இவ்வளவு பெரிய அபத்தத்தை நம் ஆள் ஒருவரால்தான் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை மானேஜர் மனைவி வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே தொட்டியில் விரலை நனைத்தாள். விரல் மஞ்சளாக வெளியே வந்தது. பூசை தொடங்குமுன் மோன்பேர் அந்த நூலைத் தூக்கிப் பிடித்து யாருடையது என்று கேட்டார். உன் அப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "என்னோடது, மோன்பேர்" என்றார்.

சிலை வழிபாட்டில் சேர்ந்தேன் என்று பாவசங்கீர்த்தனம் பண்ணினால் அடுத்த ஞாயிறே நன்மை கொடுக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றார் மோன்பேர். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். உன் அப்பா சொன்னது இது: "மத்த பாவமெல்லாம் சொல்றேன், மோன்பேர். இதைச் சொல்லமாட்டேன். இது பாவமில்லை." அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் ஒரு பூசையையும் விட்டதில்லை, ஒரு தரமும் நன்மை வாங்கினதில்லை.

பிறகு வந்த புயல் உனக்கு நினைவிருக்கும், கான் கூரைகள் எல்லாம் பறந்த ராத்திரி. மோன்பேர் மாதா கோயிலை எல்லாருக்கும் திறந்துவிட்டார். வேலாயுதம் பூசாரி உட்படக் கானே உள்ளே இருந்தது, ஆடும் கன்றுக்குட்டியும் சேர்த்து. கன்றுக்குட்டி பீடத்துக்குப் பக்கத்தில் சாணி போட்டது, மோன்பேரே அள்ளினார். கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் விடியும்வரை தோள் கொடுத்துத் தாங்கினவர்கள் இரண்டு பேர், மோன்பேரும் உன் அப்பாவும். காலையில் அந்த ஈரத்திலேயே அவர் பூசை வைத்தார். நன்மை கொடுக்கும்போது கடைசி பெஞ்சைப் பார்த்தார், நான் கவனித்தேன். உன் அப்பா எழுந்திருக்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. ஊரைவிட்டுப் போகிற நாளில் மோன்பேர் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குப் பின் வந்த குருக்களுக்கு இந்தக் கதையே தெரியாது. சும்மா எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்களேன், யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "வாங்கக்கூடாதுன்னு சொன்னது கோயில். வாங்கலாம்னும் கோயில்தான் வந்து சொல்லணும்" என்கிறார். பிடிவாதம் என்று சொல்வாய். சொல், எனக்குக் கவலையில்லை. உன்னிடம் இருக்கிற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோயில் ஏழைகளுக்குக் கொடுக்கிறதா? கொடுக்கிறது. மருந்து, அரிசி, பள்ளிக்கூடம், புயலுக்குக் கூரை. இதையெல்லாம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கோலைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்டபோது அரிசியைக் கொடுத்து அனுப்பியது. கூலி ஒழுங்காக இருந்தால் எங்களுக்கு அரிசி எதற்கு? பசித்தவனுக்குச் சோறு போடுவது தருமம். அந்தச் சோற்றைப் பிடுங்குகிறவனிடம், அவன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, இது தப்பு என்று சொல்வது கஷ்டம். மோன்பேர் பயந்தாங்கொள்ளி இல்லை, புயலில் பார்த்தோமே. ஞாயிறுதோறும் சாப்பிட்ட உப்புதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. அம்மன் கோயில்காரர்கள் மட்டும் உத்தமர்கள் என்றும் நினைத்துவிடாதே. வேலாயுதம் போனபிறகு அங்கே கமிட்டி வந்தது, கோபுரத்துக்குப் பெயிண்ட் வந்தது, தலைவருக்குக் கார் வந்தது. போன மாதம் கானில் ஒரு விதவையின் வீட்டுச் சாமானைத் தூக்கி வெளியே போட்டபோது அங்கிருந்தும் ஒருவர் வரவில்லை, இங்கிருந்தும் ஒருவர் வரவில்லை. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கொடி மாறும். அந்தப் பெரிய வீட்டு மேசை அப்படியேதான் இருக்கும், அதில் யார் போய் உட்காருகிறார்கள் என்பதைப் பார்க்க எங்களுக்கும் கண் இருக்கும்.

ஆகவே விருந்துக்கு வர முடியாது என்று மானேஜருக்கு இன்றைக்கே எழுதிவிடு. மரியாதையாக எழுது, அவர்கள் வீட்டில் யாருக்காவது நோய் என்றால் ஓடி வருவேன் என்றும் எழுது. அன்றைக்கு மத்தியானம் கானில் சமையல், நானும் ரோசம்மாவும் பேசி முடித்துவிட்டோம். மானேஜர் வந்தால் அவருக்கும் இலை போடுவோம். கோயிலுக்கு இதனால் கிடைக்காமல் போகும் கல்லையும் கூரை ஓடுகளையும் நினைத்து உன் பெரிய குருக்கள் வருத்தப்படலாம். அவர்களை நீ சமாளி, அதற்குத்தானே இவ்வளவு படித்தாய்.

பிரசங்கத்தில் என்ன வேண்டுமானாலும் பேசு, அழகாகவே பேசுவாய். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. நன்மை கொடுக்கிற நேரத்துக்குத்தான் காத்திருக்கிறேன். கோயில் வந்து சொல்லட்டும் என்றார் உன் அப்பா. இனி கோயில் நீ. முழங்கால் முடியாதவர், பீடம் வரைக்கும் ஏறி வரமாட்டார். முடிந்தாலும் வரமாட்டார். நீதான் அப்பத்தை எடுத்துக்கொண்டு, முன்வரிசையைத் தாண்டி, கடைசி பெஞ்சு வரை நடந்து வர வேண்டும். அவரிடம் ஒன்றும் கேட்காதே. சட்டத்தில் இடமிருக்கிறதா என்று யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் கப்பலில் நிறைய நாள் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டு வா. இல்லை என்று சொன்னாலும் வா.

உனக்குத் தெரியாத ஒன்று இன்னும் பாக்கி. காலையில் எதையாவது சாப்பிட்டவன் நன்மை வாங்கக்கூடாது அல்லவா. அதனால் இத்தனை வருஷமும் ஞாயிறுதோறும், நாம் பூசைக்குக் கிளம்புமுன், உன் அப்பாவுக்கு வாசலில் வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி ஒரு பெரிய குவளை டீ கொடுப்பேன். பாவம், டீ குடித்துவிட்டார், அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. அவரும் வாங்கிக் குடித்துவிடுவார். சட்டத்தை இப்போது தளர்த்திவிட்டார்களாம், கொஞ்ச நேரம் வயிறு காலியாக இருந்தால் போதுமாம். எனக்கு அது பெரிய தொந்தரவாகிவிட்டது, மணி அடிக்கிறவரை காத்திருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. உன் முதல் பூசை அன்றைக்கு நான் அடுப்பே மூட்டப் போவதில்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அன்று காலையில்தான் தெரியும். உன் அப்பா வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

உன் அம்மா